மாத்திரையா, ஹைப்போவா? வீட்டு நீச்சல் குளத்துக்கு எது சரி

எங்கள் வீட்டுக் குளம் 40,000 லிட்டர் பிடிக்கும், மேலே கூரை கிடையாது. முதல் ஒன்றரை வருடம் மெல்லக் கரையும் குளோரின் மாத்திரையான டிரைகுளோர்தான் போட்டோம். லிக்விட் குளோரினுக்கு, அதாவது ஹைப்போ கேனுக்கு மாறி இரண்டு கோடை ஆகிறது. திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

வசதி என்று பார்த்தால் மாத்திரைதான். நீரில் மிதக்கும் டப்பாவுக்குள், அதாவது மிதவைக்குள், போட்டுவிட்டால் ஒரு வாரத்துக்குக் கவலையில்லை, மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் வீரியம் குறையாது. ஹைப்போவை தினமும் அளந்து ஊற்ற வேண்டும். துணியில் பட்டால் வெளுத்துவிடும்.

ஆனால் மாத்திரை கரையும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் சயனூரிக் அமிலமாக, அதாவது ஸ்டெபிலைசராக, நீரில் தங்குகிறது. ஸ்டெபிலைசர் வேண்டாத பொருள் இல்லை. அது இல்லாவிட்டால் நம் ஊர் வெயில் இரண்டு மூன்று மணி நேரத்தில் குளோரினைக் குடித்துவிடும். 30 முதல் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருந்தால் போதும். சிக்கல் என்னவென்றால், குளோரின் தீர்ந்துவிடுகிறது, ஸ்டெபிலைசர் தீருவதில்லை. மாத்திரை வழியாக 10 பிபிஎம் குளோரின் போட்டால் கூடவே 6 பிபிஎம் ஸ்டெபிலைசர் வந்து சேரும். தினம் 2 பிபிஎம் குளோரின் செலவாகும் குளத்தில் மூன்று மாதத்தில் ஸ்டெபிலைசர் நூறைத் தொட்டுவிடும்.

எங்களுக்கு நடந்தது இதுதான். நீரைச் சோதிக்கும் கிட் குளோரின் 3 என்று காட்டியது, சுவரோரம் பாசி. குளத்து மருந்து விற்கும் கடையில் இன்னும் மாத்திரை போடச் சொன்னார்கள், போட்டோம். தண்ணீர் பச்சையானது. அப்புறம்தான் ஸ்டெபிலைசரைச் சோதித்தேன். அளவு நூறைத் தாண்டினால் கிட்டில் படிக்க முடியாது. குளத்து நீரோடு சமபங்கு குழாய் நீர் கலந்து பார்த்து இரட்டிப்பாக்க வேண்டும். 60 வந்தது, ஆக 120. அந்த அளவில் பெரும்பங்கு குளோரின் ஸ்டெபிலைசரின் பிடியில் இருக்கும்; 3 இருந்தும் பாசியைக் கொல்லாது, 9 வேண்டும்.

குறைக்க நடைமுறையில் எங்களுக்கு இருந்த வழி, தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் நிரப்புவது. 120ஐ 40க்குக் கொண்டுவர மூன்றில் இரண்டு பங்கு, ஏறத்தாழ 27,000 லிட்டர். ஏப்ரல் மாதம், போர் வற்றும் நேரம். 12,000 லிட்டர் லாரி மூன்று நடை வந்தது. தெருவில் குடத்தோடு நிற்பவர்கள் முன்னால் அவ்வளவு நல்ல தண்ணீரைக் கால்வாயில் விட்டது இன்றும் மனதை அறுக்கிறது. என் முடிவுக்கு இந்த ஒரு காரணம் போதும்.

ஹைப்போவில் இந்தத் தொல்லை இல்லை, மிஞ்சுவது கொஞ்சம் உப்புதான். முழுக்கப் புதுத் தண்ணீர் நிரப்பிய இதே அளவு குளமானால் 1.6 கிலோ ஸ்டெபிலைசரை ஒரு சாக்ஸில் கட்டி, தண்ணீர் திரும்பி வரும் வாய்க்கு முன் தொங்கவிட்டால் 40 பிபிஎம் ஆகும்; எங்கள் குளத்தில் அந்த 40 ஏற்கெனவே இருந்தது. அதன்பின் தினமும் சூரியன் இறங்கியதும் 10 சதவீத ஹைப்போ 800 மில்லி. வெயிலில் கேனுக்குள்ளேயே வீரியம் போய்விடும் என்பதால் பதினைந்து நாளுக்கு மேல் வாங்கி வைப்பதில்லை, நிழலில்தான் வைக்கிறோம். ஆசிட் கேனை அதன் பக்கத்தில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் விஷவாயு.

குளோரினின் இன்னொரு வடிவமான கால்சியம் ஹைப்போ குருணையை ஒரு மாதம்தான் பயன்படுத்தினேன், அதனால் உறுதியாகத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஸ்டெபிலைசர் ஏறவில்லை, ஆனால் அது கால்சியத்தைச் சேர்க்கும். எங்கள் போர் தண்ணீர் ஏற்கெனவே கடினம், டைல்ஸில் வெள்ளைப் படிவு தெரிந்தது. மென்மையான தண்ணீர் உள்ளவர்களுக்குச் சரிப்படலாம். எதுவானாலும் டிரைகுளோர் இருந்த மிதவையில் குருணையைப் போடாதீர்கள், தீப்பற்றும்.

மாத்திரை டப்பா இன்னும் வீட்டில் இருக்கிறது. பத்து நாள் ஊருக்குப் போனால் 200 கிராம் மாத்திரை நான்கை மிதவையில் போட்டுவிட்டுக் கிளம்புவோம். ஸ்டெபிலைசர் 11 பிபிஎம் ஏறும், வடிகட்டியைக் கழுவித் தண்ணீரை வெளியே விடும் அடுத்தடுத்த பேக்வாஷில் மெல்ல இறங்கிவிடும்.