ஐம்பது ஆண்டுக்குப் பின் வந்த சார்ஜன்ட் பெப்பர்

இங்கிலாந்தின் ராக் இசைக்குழுவான பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ இசைத்தொகுப்பு 1967இல் வெளிவந்தது. அதன் ஐம்பதாம் ஆண்டையொட்டி, அன்றைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் மூல ஒலிநாடாக்களிலிருந்து புதிதாக ஒலிக்கலவை செய்து 2017இல் வெளியிட்ட பதிப்பைத்தான் ஒரு மாதமாகக் கேட்டுவருகிறேன். பழைய ஸ்டீரியோ பதிப்பில் ஓரமாக ஒதுங்கிக் கிடந்த குரல்களும் டிரம்ஸும் இதில் நடுவுக்கு வந்து நெஞ்சில் விழுகின்றன.

என்னை நிறுத்திவைத்தது ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ பாடல். இருபது வயதில் கேட்டபோது, விடியற்காலையில் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் படியிறங்கும் பெண்ணின் பக்கமே நின்றேன்; இன்றோ, அவளுடைய வரிகளுக்கு இடையே தணிந்த குரலில் புலம்பும் பெற்றோரிடம்தான் மனம் போய்த் தங்குகிறது, ஹார்ப் என்ற நரம்பிசைக் கருவியின் ஒவ்வொரு மீட்டலும் அவர்களுக்காகவே ஒலிப்பதாகத் தோன்றுகிறது. புதிய பதிப்பில் இப்பாட்டு பழைய ஸ்டீரியோவைவிடச் சற்று விரைவாக ஓடினாலும் அதன் துயரம் குறையவில்லை.

‘வென் ஐம் சிக்ஸ்டி ஃபோர்’ பாடலின் மெட்டை, குழுவின் பாடகர்களில் ஒருவரான பால் மெக்கார்ட்னி பதின்வயதிலேயே போட்டுவிட்டார். தம் குரல் இன்னும் இளமையாகக் கேட்க வேண்டும் என்று பதிவின் வேகத்தையும் கூட்டச்செய்தார். பாடல் சொல்லும் அந்த அறுபத்து நான்கு வயது அவருக்கே 2006இல் வந்தது. கிளாரினெட்டுகளின் துள்ளலில் இப்போது எனக்கு ஏக்கமும் சேர்ந்து கேட்கிறது.

கடைசிப் பாடலின் இறுதிப் பியானோ ஒலி நாற்பது நொடிகளுக்கு மேல் மெல்லத் தேய்கிறது. ஹெட்ஃபோனில் கேட்டால் யாரோ அசைந்த நாற்காலியின் கிரீச்சொலிகூடப் பிடிபடும். பழைய பதிப்பு வைத்திருப்பவர்களும் தயங்காமல் வாங்கலாம்.