புரட்டாசிச் சமையலுக்கு ஓர் இலையுதிர்காலப் பெட்டி

சிங்கப்பூரில் இலையுதிர்காலம் என்பது பேரங்காடிகளின் விளம்பரப் பலகைகளில் மட்டுமே வரும் பருவம். ஆனாலும் வட நாடுகளில் அறுவடை நடக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் நமக்குப் புரட்டாசியும் வருகிறது. இறைச்சியை ஒதுக்கிவிட்டு, இன்றைக்கு என்ன காய் என்று தினமும் யோசிக்கும் குடும்பங்களுக்கு, இணையக் கடை ஒன்று விற்கும் இலையுதிர்காலக் காய்கறிப் பெட்டி பொருத்தமாகவே தோன்றும். 50 வெள்ளிக்குச் சற்றுக் குறைவான விலைக்கு, ஹொக்கைடோவில் விளைந்த கபோச்சா பரங்கி ஒன்று, நெதர்லாந்திலிருந்து வந்த கேல், சுவிஸ் சார்ட் ஆகிய கீரைகள், இலையோடு பீட்ரூட், லீக், மூன்று மூலிகைக் கட்டுகள் ஆகியவற்றை அதில் வைத்து அனுப்புகிறார்கள். இதே பணத்துக்குத் தேக்கா சந்தையில் இரண்டு பை நிறைய வாங்கிவிடலாம் என்பதால், அங்கே கிடைக்கும் காய்களால் ஆகாத எது இந்தப் பெட்டியால் ஆகிறது என்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கபோச்சாவுக்காக நிச்சயம் வாங்கலாம். கரும்பச்சைத் தோலும் ஆழ்ந்த மஞ்சள் சதையும் கொண்ட இது, நாம் கீற்றாக வாங்கும் பரங்கியைவிட நீர் குறைந்தது, மாவு மிகுந்தது. பறித்த பின் சில வாரங்கள் வைத்திருந்தால் அந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அதனால் காம்பு நன்றாகக் காய்ந்து வெடித்திருக்கும் காயே நல்ல காய். பெட்டியில் வந்தது அப்படித்தான் இருந்தது. புளிக்குழம்பில் போடுவதானால், புளியின் பச்சை வாசனை போன பிறகே துண்டுகளைச் சேர்க்க வேண்டும். தோலைச் சீவ வேண்டியதில்லை. அது வெந்து மென்மையாவதோடு, சதை கரைந்துவிடாமலும் காக்கிறது. குழம்பைக் காய் உறிஞ்சிக்கொள்வதால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் விடலாம். வெல்லம் அறவே தேவைப்படாது. மறுநாள் பழைய குழம்பாகச் சுண்டவைத்தபோது இன்னும் நன்றாக இருந்தது.

தாவரவியலில் கேலும் முட்டைக்கோஸும் ஒரே இனம். ஆகவே அதைக் கீரையாகக் கருதி மசிக்க முயல்வதைவிட, முட்டைக்கோஸாகக் கருதிப் பொரியலோ பருப்பு உசிலியோ செய்வதே சரி. நடு நரம்பை உருவிவிட்டு, இலைகளை அடுக்கிச் சுருட்டி மெல்லியதாக நறுக்கி, உப்புத் தூவிக் கையால் ஒருமுறை பிசைந்தால் விறைப்பு அடங்கிவிடும். உறைபனி விழுந்த பின் பறிக்கும் கேல், குளிரைத் தாங்குவதற்காகத் தனக்குள் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்வதால் இனிக்கும். செப்டம்பரில் வருவதற்கு அந்த வாய்ப்பு இல்லாததால் கசப்பு தூக்கலாகவே இருக்கிறது. தேங்காய்த் துருவலில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

சுவிஸ் சார்ட்டும் பீட்ரூட்டும்கூட ஒரே இனம் என்பதால், இரண்டின் இலைகளையும் சேர்த்துப் பாசிப்பருப்புக் கூட்டாகச் செய்யலாம். தண்டை மட்டும் முன்னதாக வேகவிட வேண்டும். லீக்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விரத நாளில் வெங்காய வகையைத் தொடாத வீட்டில் அதற்கு இடமில்லை. தொடுகிற வீட்டிலோ சின்ன வெங்காயமே மேல்.

மூலிகைகளில் தைம் மட்டுமே நம் சமையலோடு ஒத்துப்போகிறது. ஓமத்துக்கு மணம் தரும் தைமால் என்ற பொருள் இதிலும் இருப்பதால், மிளகு ரசத்தை இறக்கும்போது இரண்டு கொத்தைக் கிள்ளிப் போட்டால் ஓமத்தின் வாசம் மெல்ல எழுகிறது. சேஜ் இலையை நெய்யில் மொறுமொறுப்பாகப் பொரித்து வெறுமனே தின்னலாம். பெருங்காயத்தோடு சேர்ந்தால் இரண்டும் கெடும். ரோஸ்மேரியை என்ன செய்வதென்றே தெரியவில்லை, கறிவேப்பிலை தீர்ந்துபோன நாளிலும்கூட.

பெட்டியோடு வரும் சமையல் குறிப்பு அட்டை பெரிய ஏமாற்றம். எல்லாவற்றுக்கும் ஓவன் வேண்டும் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சைவப் பெட்டி என்று விற்றுவிட்டுப் பரங்கி சூப்பில் கோழிச்சாறு ஊற்றச் சொல்வதை என்னவென்று சொல்வது? காலையில் வர வேண்டிய பெட்டியை நண்பகலில் கொண்டுவந்து, கதவைத் தட்டாமல் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். பனிக்கட்டிப் பை உருகி, கீரைகள் துவண்டிருந்தன. குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் அமிழ்த்திவைத்ததும் கேல் நிமிர்ந்துகொண்டது, சார்ட் மீளவில்லை. புகார் எழுதியதற்கு, அடுத்த பெட்டிக்குத் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்ததே தவிர, விநியோக நேரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பெட்டியை முழுதாக வாங்குவதைவிட, அதே கடையில் கபோச்சா, கேல், தைம் மூன்றையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, மற்ற கீரைகளைத் தேக்காவில் வாங்குவதே கட்டுப்படியாகும். தனியாக வாங்கும்போது விநியோகக் கட்டணம் சேரும். புரட்டாசி விரதம் இருக்கும் அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டால் அது பாதியாகிவிடும்.