ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் எந்த ரேங்க்: பி.ஆரா, கிளாஷ் ஸ்குவாடா?

போன ஜூன் ஒன்றாம் தேதி, மீன்பிடித் தடை தொடங்கிய அன்றைக்கே குளச்சலில் இருந்து என் சித்தி மகன் வாய்ஸ் நோட் அனுப்பிவிட்டான். "அண்ணே, இனி ரெண்டு மாசம் வீட்லதான். இந்தத் தடவ ஹீரோயிக் ஏறாம விடப்படாது, கேட்டியளா?" ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்கிற போன் துப்பாக்கி கேமில் ஹீரோயிக் என்பது மேல்மட்ட ரேங்க். அவன் விசைப்படகில் தங்கலுக்குப் போகிறவன். கடலுக்குப் போய்விட்டால் நாள்கணக்கில் ஆளைப் பிடிக்க முடியாது. மேற்குக் கடற்கரையில் தடை ஜூலை 31 வரை. ஆக, எங்கள் ஸ்குவாடில் நாலு பேரும் ஒன்றாக உட்கார முடிகிற காலம் வருசத்தில் அந்த 61 நாள்தான்.

இந்த கேமில் பேட்டில் ராயலுக்கு (பி.ஆர்.) ஒரு ரேங்க், கிளாஷ் ஸ்குவாடுக்கு (சி.எஸ்.) தனியாக ஒரு ரேங்க். இரண்டையும் ஒருசேர ஏற்ற எங்களுக்கு நேரம் இல்லை. நான் மார்த்தாண்டத்தில் கடை வேலை முடிந்து குலசேகரம் வந்து சேர எட்டரை ஆகிவிடும். பேச்சிப்பாறைப் பக்கம் இருக்கிற கூட்டுக்காரன் ரப்பர் பால் வெட்டப் போகிறவன். மழைக்கு மரத்தில் பிளாஸ்டிக் கட்டிய தோட்டம், அதனால் ஜூனிலும் அவனுக்கு வேலை உண்டு. விடிவதற்கு முன்னால் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். பத்து மணிக்கு அவன் படுத்தே ஆக வேண்டும். நாலாவது ஆள் நாகர்கோவிலில் பாலிடெக்னிக் படிக்கிற பையன். அவனுக்கு எந்த நேரமும் சரி.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பி.ஆர். என்றால் ஐம்பது பேர் பிளேனில் இருந்து சாடி, கிடக்கிற ஆயுதங்களை லூட் எடுத்து, ஆடுகிற வட்டமான சோன் சுருங்கச் சுருங்க ஓடி, கடைசியில் மிஞ்சுகிற டீமுக்குப் பூயா, அதாவது ஜெயம். சி.எஸ். என்றால் நாலுக்கு நாலு. ஒவ்வொரு ரவுண்டும் காசு கொடுத்துத் துப்பாக்கி வாங்கி மோதுவது, முதலில் நாலு ரவுண்டு எடுத்தவர்கள் ஜெயம். பி.ஆரில் புள்ளிக் கணக்கு. எத்தனையாவது இடம், எத்தனை கில் என்று பார்த்து ஏறும், இறங்கும். சி.எஸ்ஸில் ஸ்டார், ஜெயித்தால் ஒன்று கூடும், தோற்றால் ஒன்று போகும்.

நாங்கள் எடுத்தது சி.எஸ். காரணம் துப்பாக்கிச் சண்டையோ மேப்போ அல்ல, கரண்ட்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு தரம். ஐப்பசி மழை வருவதற்கு முன்னாலேயே தென்மேற்குப் பருவமழை ஜூனில் வந்து இறங்கிவிடும். மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் காற்றடித்தால் ரப்பர் கொம்பு ஒடிந்து லைனில் விழும், கரண்ட் போகும். கரண்ட் போனால் ரவுட்டர் அணையும். போன் மொபைல் டேட்டாவுக்கு மாறி, கேமுக்குள் திரும்ப நுழைய என் வீட்டில் அரை நிமிடத்தில் இருந்து ஒரு நிமிடம் ஆகிறது. இணைப்பின் தாமதத்தைச் சொல்கிற பிங் சிவப்பில் 999 காட்டிக்கொண்டு நிற்கிற அந்த ஒரு நிமிடத்துக்கு எந்த ரேங்கில் என்ன விலை என்பதே எங்களுக்குத் தீர்ப்பாகிப்போனது. தம்பிக்குத் தடைக்காலம் அமைகிறதும் இதே மழைக்காலத்தில்தானே.

ஜூன் இரண்டாம் வாரம் ஓர் இரவு. பெர்முடா மேப்பில் பி.ஆர். இருபது நிமிடம் ஆடி, கடைசி வட்டத்தில் மூன்று டீம். குண்டை மறைக்கச் சட்டென்று எழுப்புகிற சுவரான குளூ வால் அதிகம் வைத்திருந்தது நான், மற்ற மூன்று பேரும் என் சுவர்களை நம்பி நின்றார்கள். கரண்ட் போனது. திரும்ப உள்ளே வந்தபோது என் ஆள் செத்துக் கிடந்தான், பின்னாலேயே ஸ்குவாடும் முடிந்தது. செத்தவரைத் திரும்ப ஆட்டத்துக்குள் கூப்பிட ரிவைவல் பாயின்ட் இருக்கிறதே என்று கேட்கலாம். கடைசி வட்டத்தில் அதற்கு எங்கே நேரம்? அந்த ஆட்டத்தோடு பால் வெட்டுகிறவன் எழுந்து போய்விட்டான். அவன் அன்றைக்கு ஆடியது அது ஒன்றுதான். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அதே மாதிரி மழை. இந்தத் தடவை சி.எஸ். இரண்டு ரவுண்டு எடுத்திருந்தோம். மூன்றாவதில் என் இணைப்பு அறுந்தது. மூன்று பேராய் நின்று ஆடித் தோற்றார்கள், 2-1. நாலாவது ரவுண்டு தொடங்கும்போது நான் உயிரோடு கேமின் ஆயுதக் கடையின் முன்னால் நின்றேன், எம்பி40 துப்பாக்கி வாங்கினேன். 4-2 என்று முடித்தோம். கரண்டால் போனது ஒரே ஒரு ரவுண்டு. பி.ஆரில் அரை நிமிடத்துக்கு விலை இருபது நிமிட உழைப்பு.

நேரமும் இதோடு சேர்ந்தது. ஒன்பதில் இருந்து பத்துக்குள் பி.ஆர். இரண்டு, மூன்று, சி.எஸ். நாலைந்து. ஒன்று கெட்டாலும் மீட்க அடுத்தது இருக்கிறது. 2022 பிப்ரவரியில் பழைய ஃப்ரீ ஃபயர் தடைசெய்யப்பட்டு மேக்ஸுக்கு வந்த பிறகு தம்பியின் 3 ஜிபி போன் பெரிய மேப்பில் திணறும். சி.எஸ்ஸில் கிளாக் டவர், பீக் என்று மேப்பின் ஒரு சின்ன இடத்துக்குள் ஆடும்போது அந்தத் திணறல் குறைவு. சண்டைப் பழக்கமும் சீக்கிரம் வருகிறது; குளூ வாலைச் சட்டென்று போட நான் கற்றது முழுக்க சி.எஸ்ஸில்தான்.

பி.ஆரின் பக்கம் இருக்கிற நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். சேர்ந்து ஆட ஆள் இல்லாதவர்களுக்கு பி.ஆர். நல்லது. சி.எஸ்ஸில் ரேண்டமாக வருகிற ஒருவர் பாதியில் போனால் உங்கள் ஸ்டாரும் அவரோடு போகும். பி.ஆரில் கூட வந்தவர்கள் செத்தாலும் பதுங்கிப் பதுங்கி மேலே வந்து புள்ளி சேர்க்கலாம். போட்டிக்குப் போக நினைக்கிற பிள்ளைகளுக்கும் பி.ஆர்.தான் பாதை, ஃப்ரீ ஃபயர் வேர்ல்ட் சீரிஸ் ஆடப்படுவதே பேட்டில் ராயலில்தான். நான் சோலோ பி.ஆர். அதிகம் ஆடியவன் அல்ல. ஹீரோயிக்குக்கு மேலே சி.எஸ். எப்படி இருக்கும் என்பதும் என் கை பார்த்ததில்லை, அங்கே எங்கள் கணக்கு மாறலாம். வீட்டில் இன்வெர்ட்டரில் ரவுட்டரை மாட்டியவர்களுக்கு நான் சொன்ன முக்கியக் காரணமே பொருந்தாது. அவர்கள் மேப்பைப் பார்த்தே முடிவெடுக்கலாம்.

ஜூலை கடைசி வாரத்தில் சி.எஸ். ஹீரோயிக் ஏறினோம், நாலு பேரும் ஒரே இரவில். தம்பி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவன் படகுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினான். அடுத்த வாரம் கடலுக்குப் போய்விட்டான். இப்போது ஞாயிறு மத்தியானம், வானம் வெளுத்திருந்தால், மீதி மூன்று பேரும் பி.ஆர். சாடுகிறோம்.