கொலாஜன் பாக்க ஆன்டிபாடியா, சிரியஸ் ரெட்டா?

பாளையங்கோட்டை பக்கம் தீசிஸ் பண்ணுத பிள்ளைய எல்லாரும் இதையேதான் கேக்காவ, மனுச திசுல கொலாஜன் (திசுவத் தாங்குத நார்ப் புரதம்) பாக்க, அதத் தேடிப் போய் ஒட்டுத ஆன்டிபாடி வாங்கணுமா இல்ல பிக்ரோசிரியஸ் ரெட் சாயமே போதுமான்னு.

துட்டு: சாயப்பொடி கொஞ்சம் வாங்குனா ரொம்ப நாள் ஓடும்.
ஆன்டிபாடி சின்னக் குப்பிக்கே ஆயிரக்கணக்குல போயிரும், செகண்டரி (மொத ஆன்டிபாடி மேல ஒட்டுத ரெண்டாவது ஆன்டிபாடி), டிஏபி (நிறம் காட்டுத பொருள்) எல்லாம் தனி.

வைக்கது: சாயம் அலமாரில கெடக்கும், சாயத்தக் கரைக்குத பிக்ரிக் ஆசிட்ட மட்டும் காயவிட்டுராதீங்க, காஞ்சா வெடிக்கும்.
ஆன்டிபாடி ஐஸ்ல வரணும், நம்மூரு மே மாச வெயில்ல பார்சல் ஆபீஸ்ல கெடந்துச்சுன்னா அவ்வளவுதான், வந்ததும் சின்னச் சின்னதா பிரிச்சு பெரும்பாலும் மைனஸ் 20ல வைக்கணும், திரும்பத் திரும்ப உருக்குனா வீணாயிரும்.

வேலை: சாயம் ஒரு மணி நேரம், அசிடிக் ஆசிட் தண்ணில கழுவு, முடிஞ்சுது.
ஆன்டிபாடிக்கு ரெட்ரீவல் (மறைஞ்ச புரதத்த ஆன்டிபாடிக்கு எட்ட வைக்கது), பிளாக்கிங் (கண்ட எடத்துல ஒட்டாம தடுக்கது), கன்ட்ரோல் (சரியா வேலை செஞ்சுதான்னு ஒப்பிட்டுப் பாக்கது)னு ஒரு நாள் போயிரும்.

என்ன சொல்லும்ங்கதுதான் முக்கியம். சாயம் மொத்த கொலாஜனக் காட்டும், அது டைப் 1, 3, 4னு எந்த வகைன்னு சொல்லாது. போலரைஸ்டு லைட்ல (ஒரே தெசையில அதிருத வெளிச்சம்) செவப்புன்னா டைப் 1, பச்சைன்னா டைப் 3ன்னு எழுதுதாங்கள்லா, அத நம்பாதீங்க, அந்த நிறம் நாரோட தடிமன், கெடக்குத கோணம் இதப் பொறுத்து மாறும். பேஸ்மென்ட் மெம்பரேன்ல (செல் அடுக்குக்கு அடியில உள்ள மெல்லிசு படலம்) இருக்க டைப் 4 வேணும்னா ஆன்டிபாடிதான். அதுலயும் பாராஃபின் (மெழுகுல பதிச்சு வெட்டுன) செக்‌ஷன்ல ஓடுமா, டைப் 1ஐ மட்டும் பிடிக்குமா இல்ல டைப் 3யையும் சேத்துப் பிடிக்குமான்னு டேட்டாஷீட்ட பாத்துட்டு வாங்குங்க, சில குளோன் (ஆன்டிபாடி ரகம்) ஃப்ரோசன்ல (உறைய வச்சு வெட்டுன திசு) மட்டுந்தான் வேலை செய்யும்.

ஈரல்ல ஃபைப்ரோசிஸ் (கொலாஜன் சேந்து தழும்பாகது) எத்தன சதவீதம்னு அளக்கவங்களுக்கு சாயமே போதும். டைப் பிரிக்கவங்க ஆன்டிபாடி வாங்குங்க, ஆனா ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் லைன் இருக்கான்னு மொதல்ல பாத்துக்கோங்க.