ஜாவா லாம்டா: பெயரில்லா கிளாஸுக்கு உண்மையிலேயே மாற்றா?

ஜாவா 8 வெளியானது 2014 மார்ச்சில். பெயர் வைக்காமல், தேவைப்படும் இடத்திலேயே எழுதும் கிளாஸ்தான் பெயரில்லா கிளாஸ்; ஒரு சின்னச் செயலை மட்டும் அப்படியே அங்கே எழுதிக் கொடுப்பது லாம்டா. ஜாவா 8-ஓடு வந்த லாம்டாவைப் பலரும் இன்றுவரை "பெயரில்லா கிளாஸைச் சுருக்கி எழுதும் வசதி" என்றே நினைத்துப் புழங்குகிறார்கள். நிரல் எழுதும் மென்பொருளான ஐடிஇ-யும் பழைய கிளாஸைச் சாம்பல் நிறத்தில் மங்கலாக்கிக் காட்டுகிறது, ஆல்ட்-என்டர் தட்டினால் ஒரே வரியாக்கிக் கொடுக்கிறது. அப்புறம் வேறு எப்படி நினைப்பார்கள்? ஆனால் இரண்டும் ஒரே சரக்கு இல்லை. புதிதாக எழுதும் கோடு (நிரல்) என்றால் லாம்டாவுக்கு ஐந்தில் நாலரை தரலாம். பழைய கோடை மொத்தமாக மாற்றும் வேலை என்றால் மூன்றுதான்.

எழுத்து மிச்சமாவது கண்ணுக்கே தெரிகிறது. பட்டியலை வரிசைப்படுத்த, எது முன்னால் என்று சொல்லும் ஒரு கம்பேரேட்டர் வேண்டுமானால் ஐந்து வரி ஒன்றாகிறது. அதைப் பற்றி அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

வித்தியாசம் கம்பைலருக்குள் தொடங்குகிறது. பெயரில்லா கிளாஸ் 1997-ல் ஜாவா 1.1-ல் வந்தது, திரை அமைக்கும் நூலகமான ஏடபிள்யூடி-யின் லிசனர் முறையும் (கிளிக் போன்றவை நடந்ததும் ஓடவேண்டியதைப் பதிவுசெய்வது) அதே பதிப்பில்தான் வந்தது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு பெயரில்லா கிளாஸுக்கும், வெளி கிளாஸின் பெயருக்குப் பின்னால் $1, $2 என்று ஒட்டிக்கொண்டு தனித்தனி கிளாஸ் ஃபைல் விழும். நாற்பது பட்டனுக்கும் தனித்தனி லிசனர் எழுதிய ஸ்விங் (ஜாவாவின் இன்னொரு திரை நூலகம்) திரைக்கு நாற்பது ஃபைல். லாம்டாவில் அப்படி எதுவும் விழாது. உள்ளே எழுதியது அதே கிளாஸின் பிரைவேட் மெத்தடாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வரியை ஜேவிஎம் (ஜாவா கோடை ஓட்டும் இயந்திரம்) முதல்முறை தொடும்போது, ஜாவா 7-லேயே வந்துவிட்ட இன்வோக்டைனமிக் என்ற கட்டளை வழியாக ஆப்ஜெக்ட் தயாராகும். அந்த முதல் தொடுதலுக்குச் செலவு உண்டு. நாள்கணக்கில் ஓடும் சர்வரில் அது தெரியவே தெரியாது. நொடிக்குள் முடியும் சின்ன கமாண்ட்-லைன் கருவியைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் தெரியும். ஆண்ட்ராய்டில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே டி8 என்ற கம்பைலர் லாம்டாவைத் திரும்பவும் கிளாஸாகவே மாற்றிவிடுகிறது.

மெமரி விஷயத்தில் லாம்டா தெளிவாக முந்துகிறது. சாதாரண மெத்தடுக்குள் எழுதிய பெயரில்லா கிளாஸ், தேவைப்பட்டாலும் படாவிட்டாலும் வெளி ஆப்ஜெக்டை இடுப்பில் முடிந்துவைத்திருக்கும். பயன்படுத்தாவிட்டால் அந்த முடிச்சைப் போடாமல் விடும் பழக்கம் ஜேடிகே 18-ன் கம்பைலரில்தான் வந்தது. லாம்டாவோ, வெளி ஆப்ஜெக்டின் ஃபீல்டையோ மெத்தடையோ தொட்டால் மட்டுமே அதைப் பிடித்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் பத்து நிமிடம் தள்ளி ஓடும்படி, வேலைகளை வரிசையில் வைக்கும் ஹேண்ட்லரிடம் பெயரில்லா கிளாஸாக எழுதிய ஒரு ரன்னபிளை (ஓடவேண்டிய வேலை) கொடுத்துவிட்டு போனைத் திருப்பிப் பாருங்கள். திருப்பியதும் புது ஆக்டிவிட்டி (திரை) உருவாகும், ஆனால் பழைய ஆக்டிவிட்டி அதுவரை மெமரியைவிட்டுப் போகாது. லாம்டாவுக்கு மாற்றினால் தீரும் என்று நம்பி, உள்ளே ஒரு டெக்ஸ்ட்வியூ ஃபீல்டைத் தொட்டிருந்தால் அதே கதைதான்.

கோடை மாற்றும்போது அதிகம் கடிப்பது "திஸ்". பெயரில்லா கிளாஸுக்குள் அது அந்தக் குட்டி ஆப்ஜெக்டைக் குறிக்கும். லாம்டாவுக்குள் வெளி ஆப்ஜெக்டை. ரன் மெத்தடுக்குள் திஸ் மீது சிங்க்ரனைஸ்ட் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழைய விடும் பூட்டு) போட்டிருந்ததைக் கையால் லாம்டாவாக்கினால், கம்பைலர் வாயே திறக்காது. ஆனால் பூட்டு இப்போது வெளி ஆப்ஜெக்டின் மீது விழுகிறது. சம்பந்தமே இல்லாத த்ரெட்கள் வரிசையில் நிற்கத் தொடங்கும். வெறுமனே டுஸ்ட்ரிங், கெட்கிளாஸ் என்று அழைத்த இடங்களும் இதேபோல ஆள் மாறிவிடும்.

வெளி மாறிகளைப் பிடிப்பதில் இரண்டுக்கும் ஒரே கட்டுப்பாடு: லோக்கல் மாறியின் மதிப்பு நகலாகத்தான் உள்ளே போகும், அதனால் அதன் மதிப்பு பிறகு மாறக்கூடாது. ஜாவா 8-லிருந்து ஃபைனல் என்ற சொல் கட்டாயமில்லை; சலுகை அவ்வளவுதான். சி ஷார்ப்பில் மாறியையே பிடிக்கலாம். அந்தச் சுதந்திரத்தால் ஃபோர்ஈச்சுக்குள் உருவாக்கிய எல்லா லாம்டாவும் கடைசி மதிப்பையே காட்டும் தலைவலி வந்து, 2012-ல் சி ஷார்ப் 5 அந்த விதியையே மாற்றவேண்டியதாயிற்று. ஜாவாவின் கஞ்சத்தனம் நியாயமானது என்பதே எங்கள் கருத்து. ஓர் உறுப்பு அரேயை வைத்து இதை ஏமாற்றுவது பலருக்குக் கைவந்த கலை. பல த்ரெட்களில் ஓடும் பேரலல் ஸ்ட்ரீமுக்குள் அதைச் செய்தால் எண்ணிக்கை தப்பும், அட்டாமிக்இன்டிஜர் போடுங்கள்.

லாம்டா நுழையவே முடியாத இடங்களும் உண்டு. இன்டர்ஃபேஸில் அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் (உள்ளடக்கத்தை நாம் எழுதவேண்டிய மெத்தட்) ஒன்றே ஒன்றுதான் இருக்கவேண்டும். மவுஸ்லிசனரில் ஐந்து இருக்கின்றன. டைமர்டாஸ்க் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் என்பதால் அதற்கும் வழியில்லை. அழைப்புக்கு அழைப்பு நினைவில் வைக்க ஃபீல்ட் வேண்டுமென்றாலும் பழையதற்கே போகவேண்டும். ஜெனரிக் வகைத் தகவல் (பட்டியலுக்குள் இருப்பது எந்த வகை என்பது போன்றது) இன்னொரு சிக்கல்: பெயரில்லா கிளாஸின் கிளாஸ் ஃபைலில் அது பதிவாகியிருக்கும், லாம்டாவில் இருக்காது. தரவோட்டத்தைக் கையாளும் அப்பாச்சி ஃப்ளிங்கில் ஃப்ளாட்மேப்புக்கு லாம்டா கொடுத்தால் வகையைக் கண்டுபிடிக்க முடியாமல் அது திணறும்; பின்னால் ரிட்டர்ன்ஸ் போட்டு நீங்களே சொல்லவேண்டும். ஜேசன் நூலகமான ஜாக்சனின் டைப்ரெஃபரன்ஸுக்குப் பின்னால் வெற்று அடைப்புக்குறிகள் நிற்பதும் இந்தப் பதிவுக்காகத்தான்.

லிசனரை நீக்கும்போதும் கவனம் தேவை. சேர்க்கும்போது ஒருமுறை, நீக்கும்போது ஒருமுறை என்று அதே மெத்தட் ரெஃபரன்ஸை (ஏற்கெனவே உள்ள மெத்தடின் பெயரை மட்டும் கொடுக்கும் லாம்டா வடிவம்) இரண்டு இடத்தில் எழுதினால், இரண்டு வெவ்வேறு ஆப்ஜெக்டுகள் உருவாகலாம். நீக்கும் வரி எர்ரர் தராமல் சும்மா கடந்துபோகும், லிசனர் அங்கேயே கிடக்கும். ஒரு ஃபீல்டில் போட்டுவைத்து இரண்டு இடத்திலும் அதையே கொடுங்கள். ஒருமுறை ஓடியதும் தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும் லிசனர் வேண்டுமா? பெயரில்லா கிளாஸில் திஸ்ஸை நீக்கு என்றால் முடிந்தது. லாம்டாவுக்குத் தன்னை நேரடியாகச் சுட்டிக்காட்ட வழி கிடையாது.