கெயின் திருகு: காதை நம்புவதா, மல்டிமீட்டரை நம்புவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் காருக்குச் சப்வூஃபர் (ஆழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) பொருத்துவோர் பலர், பாட்டைக் கேட்டபடியே ஆம்ப்ளிஃபையரின் (ஒலிபெருக்கியின்) கெயின் திருகை ஏற்றி, ஒலி பிசிறும் இடத்தில் சற்றுக் குறைத்து நிறுத்துகிறார்கள். கருவி தேவையில்லை என்பது இம்முறையின் வசதி. ஆனால் ஆழ்ந்த ஒலியில் தொடக்கநிலைப் பிசிறல் காதுக்கு எளிதில் பிடிபடாது என்பதால், நாம் உணர்வதற்குள் ஒலி அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு, சப்வூஃபரின் கம்பிச்சுருள் அளவுமீறிச் சூடேறத் தொடங்கியிருக்கும். கெயின் ஒலியைக் கூட்டும் திருகு அன்று; ஹெட் யூனிட்டின் (காரின் பாட்டுக்கருவியின்) சிக்னலுக்கு ஆம்ப்ளிஃபையரை இணக்கும் திருகு.

மல்டிமீட்டர் (வோல்ட் முதலியவற்றை அளக்கும் கருவி) முறையில், சப்வூஃபர் வயரைக் கழற்றி, ஆழ்ந்த ஒலியைக் கூட்டும் பாஸ் பூஸ்ட்டை அணைத்து, கெயினை முழுதும் இறக்கிய பின், ஹெட் யூனிட்டை முக்கால் ஒலியளவில் வைத்து 50 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை (ஒரே சீரான சோதனை ஒலியை) ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு முனைகளில் ஏசி வோல்ட்டை அளந்தபடி கெயினை மெல்ல ஏற்ற வேண்டும். ஆர்எம்எஸ் வாட்டையும் (தொடர்ந்து தரும் அல்லது தாங்கும் சக்தி) சப்வூஃபரின் ஓமையும் (மின்தடை) பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நிறுத்தவேண்டிய வோல்ட் கிடைக்கும்: 500 வாட், 2 ஓம் என்றால் ஏறத்தாழ 31.6. ஆம்ப்ளிஃபையர், சப்வூஃபர் இரண்டில் குறைந்த வாட்டையே கணக்கில் கொள்ள வேண்டும். (தென்னாப்பிரிக்க வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான்; அதை அளக்கும் சாதாரண மீட்டரே இதற்கும் போதும்.)

எனினும் மீட்டர் வெட்டுப்பட்ட அலையைக் காட்டிக்கொடுக்காது. அதற்கு அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். ஆகவே மீட்டர் சொல்லும் வோல்ட்டை உச்சவரம்பாகக் கொண்டு, அதன்பின் காதைக் கெயினைக் குறைக்க மட்டுமே பயன்படுத்துவதை நான் பரிந்துரைப்பேன்.