நின்டெண்டோ வெர்ச்சுவல் பாய்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

இது முப்பரிமாணக் காட்சி காட்டும் ஒரு வீடியோ கேம் கருவி. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இதைத் தலையில் மாட்டிக்கொள்ள முடியாது. இரண்டு கால் ஸ்டாண்டில் மேஜை மேல் நிற்கும், நாம்தான் குனிந்து முகத்தைப் பொருத்த வேண்டும். திருவிழாவில் பயாஸ்கோப் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரிதான். தலையைத் திருப்பினால் காட்சி திரும்பாது, அதற்கான சென்சாரே கிடையாது. 1968ல் கணினி அறிஞர் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய, தலையில் மாட்டும் கருவியே தலையசைவைத் தொடர்ந்தது என்பதால், கறாராகப் பார்த்தால் 1995ல் வந்த இது விஆரே (மெய்நிகர் உலகமே) இல்லை.

இருந்தும் பல வருஷமாக என் மேஜையில் இருக்கிறது. காரணம், அந்த இருட்டு. சாதாரண எல்சிடி திரையில் கறுப்பு என்பது சாம்பல்தான். இதில் எரியாத இடம் நிஜமாகவே கும்மிருட்டு, அதில் சிவப்புக் கோடுகள் மிதக்கும். உள்ளே முழுத் திரை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு கண்ணுக்கும் 224 சிவப்பு எல்ஈடிகள் ஒரே வரிசையில்; எதிரே ஒரு கண்ணாடி நொடிக்கு 50 முறை ஊசலாடி அந்த ஒற்றை வரிசையை 384 பத்திகளாக விரித்துக் காட்டுகிறது. ஆன் செய்ததும் மெலிதாக ஒரு ரீங்காரம் கேட்கும், கண்ணாடி ஆடும் சத்தம் அது. சிவப்பு மட்டும் ஏன்? அன்று விலை குறைவு, மின்சாரமும் குறைவு. பிரகாசமான நீல எல்ஈடி கடைக்கு வந்ததே 1993 வாக்கில்தான்.

ஆட்டத்துக்கு முன் ஃபோகஸையும் கண்களுக்கு இடையிலான தூரத்தையும் சரிசெய்யச் சொல்லும். இதைச் சோம்பேறித்தனத்தில் தாண்டிப்போய்விட்டு "தலைவலிக்கிறது" என்று சொல்பவர்கள் நிறைய. ஆட்டத்தைத் தானாக நிறுத்தி இடைவேளை எடுக்க நினைவூட்டும் ஆட்டோ பாஸ் (auto pause) வசதியும் உண்டு, அணைக்காதீர்கள். ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அன்றே எச்சரித்திருந்தார்கள்.

ஆறு ஏஏ பேட்டரி கன்ட்ரோலரின் முதுகில் போகிறது. கனம்தான், ஆனால் பிடி அருமை. இரண்டு பக்கமும் திசைப் பட்டன் வைத்த யோசனையில் இதை வடிவமைத்த குன்பெய் யோகோயின் கைவண்ணம் தெரிகிறது. நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாயைத் தந்தவர் சும்மாவா?

மொத்தம் 22 கேம்கள்தான். ரீஜன் லாக் (ஒரு நாட்டு கேம் இன்னொரு நாட்டுக் கருவியில் ஓடாத தடை) இல்லாததால் ஜப்பான் கேட்ரிட்ஜும் ஓடும். நான் திரும்பத் திரும்பப் போடுவது வாரியோ லேண்ட். முன் தளத்திலிருந்து பின்னால் தூரத்தில் இருக்கும் தளத்துக்கு வாரியோ தாவும்போது அந்த இடைவெளி கண்ணுக்கு நன்றாகப் புரிகிறது. ரெட் அலார்ம் முழுக்கக் கம்பிக்கோட்டு உலகம். எது முன்சுவர், எது பின்சுவர் என்று குழம்பினாலும் மிரட்டல். மரியோஸ் டென்னிஸை இரண்டு பேர் ஆட வழியில்லை. இரண்டு கருவிகளை இணைக்கும் போர்ட் இருக்கிறது, கேபிள் வெளிவரவே இல்லை!

அமெரிக்காவில் 180 டாலர் விலை. சுமார் 7,70,000 கருவிகளோடு ஒரு வருஷத்துக்குள் மூட்டை கட்டிவிட்டார்கள். அதனால் இன்று பழைய சரக்குதான் கிடைக்கும். டிஸ்ப்ளேவை இணைக்கும் ரிப்பன் கேபிளின் பசை காலப்போக்கில் விட்டுப்போவது ஊரறிந்த விஷயம். படத்தில் குறுக்கே கோடுகள் விழுந்தால் அதுதான். சூடுகாட்டிச் சரிசெய்தது என்றால் கொஞ்ச நாள்தான் தாங்கும். சால்டர் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள், இரண்டு கண்ணுக்கும் வரும் படத்தைத் தனித்தனியே சோதித்துப் பாருங்கள். ஸ்டாண்டின் கிளிப் உடைந்திருக்கிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.